வெள்ளம் வரும் வளைவு

நம் வயதுக்காரர்களிடம் அந்தப் படப்பிடிப்புப் பூங்காவைப் பற்றிப் பேச்செடுத்தால், எல்லாருக்கும் வெள்ளம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. “ஆமாலா, டிராம்ல உக்கார வச்சித் தண்ணியத் தொறந்து விடுவாங்களே!” என்று கண்ணை விரிக்கிறார்கள். தொண்ணூறுகளில் மலாக்கா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவையாவது பள்ளிப் பேருந்தில் அங்கே போயிருப்பார்கள். வழியில் வாந்தி எடுத்த பையனையும், அங்கே தொலைத்துவிட்டு வந்த தண்ணீர்ப் போத்தலையும் சேர்த்தே நினைவு வைத்திருப்பார்கள். அந்தப் பேச்சு வரும்போது நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை. இப்போது நமக்கும் தலை நரைத்துவிட்டது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறோம். இனியும் சொல்லாமல் வைத்திருந்து என்ன ஆகப்போகிறது?

அந்த டிராமை ஓட்டியவர் என் அப்பா.

ரெம்பியா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அப்பா டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வண்டி ஓட்டத் தெரிந்த சிலரைப் பாயா ரும்புட்டைத் தாண்டிப் புதிதாகத் திறந்திருந்த படப்பிடிப்புப் பூங்காவில் எடுத்துக்கொண்டார்கள். பூங்கா என்று நாங்கள் சொன்னதில்லை, ‘ஸ்டூடியோ’ என்றுதான் சொல்வோம். “எங்கப்பா ஸ்டூடியோவுல வேல செய்றாரு” என்று பள்ளியில் சொல்லும்போது எனக்குக் காது மடல் சூடாகும். டிராம் என்று பெயர்தானே தவிர, முன்னால் இருந்தது டிராக்டர்தான். அதன்மேல் பழைய ரயிலின் முகம் மாதிரி ஒரு பச்சைக் கூட்டை மாட்டியிருந்தார்கள். பின்னால் மூன்று திறந்த பெட்டிகள், கேன்வாஸ் கூரை, கையில் ஒட்டும் பிளாஸ்டிக் இருக்கைகள். அப்பாவுக்கு மஞ்சள் தொப்பி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை அவர் வீட்டிலும் கழற்றமாட்டார்.

முதல் வருடங்களில் அது வேறு மாதிரியான சுற்றுலா. நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது போனேன். வண்டி மெதுவாகப் போகும். பழைய மலாக்கா தெரு என்று ஒன்று, செங்கல் மாதிரியே வண்ணம் பூசிய பலகைகள். அப்புறம் ஒரு மலாய்க் கம்பம், கிராமத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஏணிப்படி ஏறினால் வீட்டுக்குள் ஒன்றுமே இருக்காது, பின்னால் லாலான் புல் ஆளுயரத்துக்கு நிற்கும். நிஜ வாழைமரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாழைமரம். வழிகாட்டி அக்கா ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டே வருவாள். அவளுக்கு ஊர் சுங்கை ரம்பாய். தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் இருந்தால், “தொட்டுப் பாருங்க பசங்களா, எல்லாம் பலகைதான், ஏமாந்துடாதீங்க” என்று தமிழிலும் சொல்வாள். எங்காவது நிஜமாகவே படம் எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு தூணின் மேல் சிவப்பு விளக்கு எரியும். அப்பா இன்ஜினை நிறுத்திவிடுவார். அக்கா உதட்டில் விரலை வைப்பாள். வண்டி நிறைய ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தூரத்தில் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே வசனம் பேசுவது காற்றில் வரும். விளக்கு அணைந்ததும் எல்லாரும் ஒன்றாகச் சிரிப்போம். அந்த மாதிரி அமைதியை நான் பிறகு எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

கொஞ்ச காலத்தில் படம் எடுக்கிறவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். வெறும் பலகைச் சுவரைப் பார்க்க யார் வருவார்கள்? அதனால் ஸ்டூடியோ தன் வேலையை மாற்றிக்கொண்டது. பழைய தெருவை ஜப்பான்காரன் காலத்துத் தெருவாக்கி, வண்டி போகும்போது இருபக்கமும் குண்டு வெடிக்க வைத்தார்கள். கம்பத்துக்கு மேலே மேட்டில் பெரிய தொட்டி கட்டி, வெள்ளம் விட்டார்கள். ‘படம் எடுப்பதைப் பாருங்கள்’ என்று வாசலில் இருந்த பலகை போய், ‘தப்பிக்க முடியுமா?’ என்று தீப்பிடித்த எழுத்தில் ஒரு பலகை வந்தது. கூட்டமும் வந்தது. சனி, ஞாயிறுகளில் டிராம் ஓயாமல் ஓடியது.

குண்டு என்றால் மருந்து கொஞ்சம்தான். ஆனால் சத்தம் பெரியது. அது வெடிக்கும் இடத்துக்கு மிக அருகில் இருந்தவர் ஓட்டுநர்தான். பயணிகளுக்கு அது ஒரு தடவை, அவருக்கு நாள் முழுக்க. முதலில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். பயணிகள் பார்த்தால் நன்றாக இருக்காது என்று சூப்பர்வைசர் எடுக்கச் சொல்லிவிட்டாராம். அப்பா வேலை முடிந்து வந்தால் சட்டையில் தீபாவளி வாசம் வரும். எனக்கு அது பிடிக்கும்.

பிடிக்காத ஒன்று வீட்டுக்குள் மெல்ல வந்துகொண்டிருந்தது. அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அம்மா சமையல்கட்டிலிருந்து, “இந்தாங்க, கேஸ் முடியப்போவுது, சொல்லிட்டு வாங்க” என்பாள். பதில் வராது. “உங்களத்தான்!” என்பாள். பதில் வராது. டிவியை அவர் அலற வைப்பார், அம்மா வந்து குறைப்பாள், அவர் எழுந்து வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைப்பார். கோயில் திருவிழாவில் அப்பாவுடன் தோட்டத்தில் வேலை செய்தவர் ஒருவர் பின்னாலிருந்து எத்தனையோ முறை கூப்பிட்டார். அப்பா திரும்பவில்லை. “ஸ்டூடியோவுக்குப் போனதும் ஆளே மாறிட்டாருலா” என்று அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு அத்தைதான் தீயை வைத்தார். அவர் மகனின் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போய் வந்திருந்தார். அடுத்த நாள் துணி காயப்போடும் இடத்தில், நான் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, அம்மாவிடம் சொன்னார்:

“நான் சொன்னேன்னு நெனச்சிக்காத. அந்த மைக்குப் புடிக்கிற பொண்ணு, ஒன் வீட்டுக்காரரு தோள்ல கைய வச்சிக்கிட்டேதான் வருது. ஒருதடவ ரெண்டுதடவ இல்ல, வழி முழுக்க.”

அம்மா ஈரத்துணியை உதறினாள். என் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம். பள்ளியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வரும். ஒரு வகுப்புத் தோழியின் அப்பா அப்படித்தான் ஒரு நாள் ஜொகூருக்குப் போய்த் திரும்பவே இல்லை. நானும் அப்பாவின் துணிப்பை அலமாரி மேலேயே இருக்கிறதா என்று பள்ளி விட்டு வந்ததும் பார்ப்பேன்.

வருடக் கடைசி விடுமுறை தொடங்கியதும் அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். அவள் மின்சாமான் தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேன் வருவதற்கு முன் எனக்குத் தலைசீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

“வீட்டுல தனியா இருக்க வேணாம். அப்பாகூடப் போ. முன்னாடி அவரு பக்கத்துலயே உக்காரு. யாரு பேசுறா, எப்படிப் பேசுறா, எல்லாத்தையும் பாத்துட்டு வந்து அம்மாகிட்ட சொல்லு.”

அப்பாவுக்கு என்னை அழைத்துப் போவதில் சந்தோஷம்தான். மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போவார். சூப்பர்வைசர், “மழ நாளு, கூட்டம் இருக்காது, பரவால்ல, உக்காரட்டும்” என்றார். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் இடது புறம் உட்கார்ந்தேன். வழிகாட்டி அக்கா எங்களுக்குப் பின்னால், முதல் பெட்டியின் முனையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பயணிகளைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு ஒரு சிராப் தண்ணீர்ப் பையை வாங்கிக் கொடுத்தாள். நான் அதைக் குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல், ரோஸ் நிறத் தண்ணீர் கையில் சூடாகும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் கையைப் பார்த்தேன். அத்தை சொன்னது நிஜம்தான்.

சாயங்காலம் அம்மா கேட்டாள். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

“தோள்ல தட்டுறாங்கம்மா. ஒரு தட்டு தட்டுனா அப்பா வண்டிய எடுக்குறாரு. ரெண்டு தட்டு தட்டுனா நிப்பாட்டுறாரு.”

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. “அந்த அளவுக்கா!” என்றாள்.

இப்போது நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முழு உண்மையும் அன்றைக்கே அவள் கையில் இருந்தது. ஒரு மனிதருக்குக் கேட்கவில்லை என்றால்தானே தட்டிச் சொல்லவேண்டும்? ஆனால் அவள் காதில் விழுந்தது ‘தோள்’ என்ற சொல் மட்டும்தான். எட்டு மாதமாகத் தனக்குப் பதில் சொல்லாத ஒரு மனிதர், வேறொருத்தி விரல் பட்டதும் வண்டியை எடுக்கிறார். அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

ஓய்வு நாள் ஒன்றில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோ அலுவலகத்துக்குப் போனாள். அப்பா வண்டியில் இருந்த நேரம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு உள்ளே அம்மாவின் கை மேலும் கீழும் போவது தெரிந்தது. சூப்பர்வைசர் தலையை ஆட்டிக்கொண்டே பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். என்ன பேசினார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. திரும்பும்போது அம்மா, “இத அப்பாகிட்ட சொல்லக்கூடாது” என்றாள்.

அடுத்த வாரம் நாங்கள் போனபோது அக்கா இல்லை. அவள் நின்ற இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் திருகி வைத்திருந்தார்கள். உள்ளே டேப். தொண்டையை உருட்டி உருட்டிப் பேசும் ஓர் ஆண் குரல், எல்லாச் சுற்றுக்கும் ஒரே மாதிரி. “அதோ பாருங்கள், இப்போதுதான் அங்கே படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கிறது” என்று மலாயில் சொல்லும். அங்கே ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். வண்டியை எடுக்கவேண்டிய இடங்களில் டேப்பில் ஒரு மணி அடிக்கும். மணி அடிக்கும்போது பெட்டியின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு மின்னும்.

மதியம் தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடவில்லை. நான் அவருக்குப் பின்னால் நின்று, “அப்பா, பசிக்குது” என்றேன். துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, குண்டு வைக்கும் ஆள் கொட்டகையின் கோடியில் ஒரு இரும்புக் குழாயைக் கீழே போட்டார். சிமெண்டுத் தரையில் அது விழுந்த சத்தத்தில் நான் துள்ளிவிட்டேன். கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் எழும்பின. அப்பாவின் கை மட்டும் அதே வட்டத்தில், அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

புறாக்களின் நிழலைப் பார்த்துத்தான் அவர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில், ஆனால் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

“ஒண்ணும் இல்ல பாப்பா. கொஞ்சம் மந்தமா இருக்கு, அவ்வளவுதான். சரியாயிடும். அம்மாகிட்ட சொல்லாத. பயந்துடுவா.”

வெள்ளம் வரும் இடத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். கம்பத்துக்கு நடுவில் பாதை ஒரு வளைவில் திரும்பும். அங்கே வண்டி நிற்கும். டேப்பில் இடி இடிக்கும், மழை கொட்டும், அப்புறம் மணி அடிக்கும். மணி அடித்ததும் அப்பா வண்டியை எடுத்து முன்னால் இருக்கும் சின்னப் பாலத்தைத் தாண்டிவிடவேண்டும். மேட்டில் தொட்டியருகே இருந்த ஆளுக்கு வண்டி தெரியாது, நடுவில் பலகை வீடுகள். அவரும் ஒலிபெருக்கியில் அதே மணியைக் கேட்டு, கொஞ்சம் பொறுத்து மதகைத் திறந்துவிடுவார். வண்டி போன தடத்தின் மேலேயே தண்ணீர் பாய்ந்து வரும். கடைசிப் பெட்டியில் இருப்பவர்கள் நூலிழையில் தப்பித்ததாக நினைத்துக் கத்துவார்கள். அதற்காகத்தான் கூட்டம் வந்தது.

குண்டுத் தெருவில் அப்பாவுக்குச் சிரமம் இல்லை. புகையும் நெருப்பும் கண்ணுக்குத் தெரியும், அதிர்ச்சி இருக்கையில் ஏறும். இந்த வளைவில்தான் அவருக்கு அந்தச் சிவப்பு பல்பைத் தவிர வேறொன்றும் இல்லை. வண்டி நின்றதும் தலையைத் திருப்பி, கண்ணிமைக்காமல் அதையே பார்ப்பார். அது மின்னியதும் கியரைப் போடுவார்.

நானும் அதையே பார்ப்பேன். சுண்டுவிரல் நகம் அளவு பல்பு. டேப்பின் இடிச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் என் கால் விரல்கள் சிலிப்பருக்குள் மடங்கிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றும் பாலம் தாண்டியதும்தான் மூச்சு வரும், உடனே அடுத்த சுற்றின் நினைவு வரும். பின்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். இரவு படுத்தால் கண்ணுக்குள் அந்த பல்புதான். ஒரு நாள் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “மழத் தண்ணியில ஆட்டம் போட்டியா?” என்றாள்.

அம்மா அந்த நாட்களில் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். அக்கா போய்விட்டாளே. அப்பா இன்னும் பேசவில்லை என்றாலும், நாளாக ஆக எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பாள். பள்ளி திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ஸ்டூடியோவில் தொழிலாளர் குடும்ப நாள் வைத்தார்கள். குடும்பத்தோடு போய் எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கலாம். அம்மா கத்தரிப்பூ நிறச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். நுழைவுச்சீட்டுக் கூண்டில், டேப் வருவதற்கு முன் டிராமில் மைக் பிடித்த வேறு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்திதான் அம்மாவின் கையில் முத்திரை குத்திவிட்டாள். அம்மா முதல் பெட்டியின் முதல் வரிசையில், அப்பாவின் முதுகுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

அன்று காலையில் நல்ல மழை. கேன்வாஸ் ஒழுகி, டேப் பெட்டியின் மேல் தண்ணீர் திட்டுத் திட்டாக நின்றது. குண்டுத் தெருவைத் தாண்டும்போதே பல்பு ஒரு தடவை மின்ன மறந்ததை நான் பார்த்தேன். அப்பா புகையைப் பார்த்து ஓட்டியதால் அதைக் கவனிக்கவில்லை. நான் அவரைப் பார்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைவில் வண்டி நின்றது. இடி இடித்தது. டேப் மழை கொட்டியது. அப்பா தலையைத் திருப்பி பல்பைப் பார்த்தார்.

மணி அடித்தது.

பல்பு எரியவில்லை.

“அப்பா, மணி அடிச்சிருச்சி!” என்றேன். அவர் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பா!” என்று அவர் காதுக்குப் பக்கத்தில் கத்தினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன், முதலில். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக் கத்தினேன். அவர் திடுக்கிட்டு என் வாயைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது வந்த வெளிறலை நான் மறக்கவில்லை. கியர் கரகரவென்று விழுந்து வண்டி முன்னால் குதித்தது. பாதிப் பாலம் தாண்டுவதற்குள் மேட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்துவிட்டது.

தண்ணீர் கடைசிப் பெட்டியைப் பக்கவாட்டில் அடித்தது. பெட்டி தடத்தைவிட்டு வழுக்கிப் போய், ஏணிப்படி வைத்த பலகை வீட்டில் சாய்ந்தது. சுவர் மடமடவென்று உள்ளே விழுந்தது. வீட்டுக்குள் ஒன்றும் இல்லாததால் பெட்டி அதன்மேலேயே படுத்து நின்றுவிட்டது. அது நிஜச் சுவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இப்போதும் தைரியம் இல்லை. முன் பெட்டிகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். சுற்றுலாவில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். கடைசிப் பெட்டியிலிருந்து வந்த அழுகை கேட்டுத்தான் கைதட்டல் நின்றது.

உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பெரியவருக்கு நெற்றி கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. சேற்றுத் தண்ணீரில் ஒற்றைச் சிலிப்பர்கள், ஒரு பால் போத்தல், யாருடைய கண்ணாடியோ, எல்லாம் சுழன்றுகொண்டு போயின. அவற்றோடு அப்பாவின் மஞ்சள் தொப்பியும் போனது. தண்ணீருக்குள் ஓடிப் பிள்ளைகளைத் தூக்கிவிடும்போது விழுந்திருக்கவேண்டும்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் மலாயில் கத்தினார், தூங்கிவிட்டாயா என்று. “தீடோர் கா? தீடோர் கா?” அப்பா இடுப்புவரை நனைந்து நின்று, அவர் வாயையே உற்றுப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. சூப்பர்வைசருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து, அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

“கத்தாதீங்க சார். கத்துனாலும் அவருக்குக் கேக்காது.”

அப்பா அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா திரும்பி, தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சாவியை எடுத்துச் சூப்பர்வைசரிடம் நீட்டி, அந்தக் கம்பம் முழுக்கக் கேட்கும்படி பேசினார். அவர் மெல்லப் பேசுவதாகத்தான் நினைத்திருப்பார்.

“என் தப்புதான் பாஸ். காது போயி ரொம்ப நாளாச்சி. சொன்னா வேல போயிடும்னு சொல்லல.”

கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்த ஒரு பெண் கடைசிப் பெட்டியருகே நின்று கத்தினாள். “எங்க புள்ளைங்க உசுரோட வெளையாடுனீங்களாலா?” அவள் சொன்னதில் என்ன தவறு? அப்பாவும் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு படத்தை வரைந்து காட்டினார். டிராக்டர் பாதி, குண்டு மீதி என்றார். இனி திரும்ப வராது, மிஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும் என்றார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அம்மா அப்பாவின் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்:

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

“அதுதான் மொதல்ல கண்டுபுடிச்சிச்சி” என்றார் அப்பா. “நல்ல புள்ள. என்னால அதுக்குத்தான் ஓயாத வேல.”

அன்று அம்மா வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு அத்தையிடம் வேலியோரம் நின்று அழுதுகொண்டே பேசியதைக் கேட்டுத்தான், அலுவலகத்தில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் வண்டியில் அந்தப் பெண் இருக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். இருந்தால் ஊரைக் கூட்டுவேன் என்றும் சொல்லியிருக்கிறாள்.

அப்பாவை ஸ்டூடியோ ஒரேயடியாக அனுப்பிவிடவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலையில் போட்டது. வெள்ளத்தை நிறுத்திவிட்டார்கள். பிறகு கம்பத்தைப் பேய்க் கம்பமாக்கி, பலகை வீடுகளில் வெள்ளைத் துணி தொங்கவிட்டார்கள். அதற்கும் கூட்டம் குறைந்தபோது டிராமுக்குப் பதில் மட்டக்குதிரை விட்டார்கள். கடைசியில் வாசலை மூடினார்கள். இப்போது அங்கே வரிசை வீடுகள். அப்பா இருக்கிறார். காது மிஷினைப் பெரும்பாலும் சட்டைப்பையில்தான் வைத்திருப்பார், உலகத்தில் கேட்கிற மாதிரி என்ன பேசுகிறார்கள் என்பார்.

அதெல்லாம் பிறகு. பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் அம்மா எனக்குப் பள்ளிக்குப் போட்டுப்போகச் சப்பாத்து வாங்க மலாக்கா டவுனுக்குக் கூட்டிப்போனாள். வழக்கமாக ரெம்பியாவிலேயே வாங்குவோம். ஏன் அவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சப்பாத்துக் கடையின் எதிரே அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளே போனோம்.

ரப்பரும் பசையும் கலந்த வாசம். வழிகாட்டி அக்கா பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா!” என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் நின்று, திரும்ப வந்தது. “வாங்கக்கா. ஸ்கூல் சப்பாத்தா?”

என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, கீழே மண்டியிட்டு, வெள்ளைச் சப்பாத்தை மாட்டிவிட்டாள். பெருவிரல் எங்கே இருக்கிறது என்று அழுத்திப் பார்த்தாள். குனிந்தபடியே கேட்டாள்:

“அண்ணன் எப்படி இருக்காரு?”

“ஆஸ்பத்திரிக்குப் போனோம்” என்றாள் அம்மா. “மிஷின் வைக்கணுமாம்.”

அக்காவின் கை நின்றது. “அப்ப தெரிஞ்சிருச்சாக்கா?”

“தெரிஞ்சிருச்சி.”

“நான் எத்தனையோ தடவ சொன்னேன். வீட்டுலயாச்சும் சொல்லிடுங்கண்ணேன்னு. நீங்க பயந்துடுவீங்கனு சொல்லிட்டாரு.”

அம்மா ஒரு எட்டு கிட்டே வந்தாள். “நான் அன்னிக்கு ஆபிஸ்ல வந்து…”

“தெரியும்கா” என்றாள் அக்கா. அவள் சப்பாத்துக் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “டேப்பு வந்துருச்சிலா. நீங்க சொல்லலனாலும் போகத்தான் சொல்லியிருப்பாங்க. எல்லாரையும்தான் நிப்பாட்டுனாங்க.”

எல்லாரையும் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். குடும்ப நாளில் தன் புறங்கையில் முத்திரை குத்தியவளை அவள் பார்த்திருந்தாள். அம்மா எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அக்கா எழுந்து பெட்டியை மூடி, “ஒரு சைஸ் பெருசாவே எடுத்துக்குங்கக்கா, வளர்ற புள்ள” என்று சொல்லிவிட்டு, வாசலில் வந்து நின்ற ஒரு சீனக் குடும்பத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தோம். எங்கள் பேருந்து வந்தது. ஏறவேண்டியவர்கள் ஏறினார்கள். நான் எழுந்து நின்று அம்மாவைப் பார்த்தேன். அவள் சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு மூடிக்கொண்டது. நான் மறுபடி உட்கார்ந்தேன்.

அதற்கடுத்த பேருந்தில்தான் வீட்டுக்குப் போனோம்.